எந்த நாட்டான்?

கீழ்பென்னாத்தூர்த் திடலிலே ஒரு மாலைப்பொழுது. மேற்கே அண்ணாமலை, அதன் தோளுக்குப் பின்னே கதிரவன் சாய்ந்து கொண்டிருந்தான். திடலைச் சுற்றிலும் கூட்டம். கடலைக் கொல்லையில் வேலை முடித்துக் கைகால் கழுவி வந்தோர் ஒருபுறம். செஞ்சிப் பேருந்தைத் தவறவிட்டு, இதையாவது பார்த்துவிட்டுப் போவோம் என நின்றோர் ஒருபுறம். கூச்சலிடுவதற்கென்றே வந்த சிறுவர் பட்டாளம் ஒருபுறம். வட்டார ஓட்டப் பந்தயம். நானூறு மீட்டர்.

ஊதுகுழல் ஒலித்தது. சுண்ணாம்புக் கோட்டிலிருந்து பாய்ந்தனர் பிள்ளைகள். முதல் வளைவு வரை யார் முந்துவார் எனச் சொல்வதற்கில்லை. இரண்டாம் வளைவிலே ஒருவன் தனித்துத் தெரிந்தான். காலிலே காலணி இல்லை. மேலே போட்டிருந்த சட்டையோ அவனைவிட ஓராண்டு மூத்தவன் எவனுக்கோ தைத்தது. ஆனால் ஓட்டம்! அது அவனுக்கென்றே அளந்து தைத்ததுபோல் இருந்தது. பத்து அடி, பதினைந்து அடி, இருபது அடி எனப் பின்னே விட்டான் மற்றவரை. கூட்டம் ஆர்ப்பரித்தது.

"யார் வீட்டுப் பிள்ளை?" என்றார் பக்கத்தில் நின்ற பெரியவர்.

நாம் விடையிறுத்தோம்: "அகதி முகாம் பையன்."

சொல்லி முடித்தோம். பெரியவர் "ஓகோ" என்றார். அந்த "ஓகோ"வில் ஆர்வம் அடங்கிற்று. கைதட்டிக் கொண்டிருந்த கை தாழ்ந்தது. அவர்மீது குற்றமில்லை, சொல் நம்முடையது. பெயரைச் சொல்லியிருக்கலாம், "நம் வட்டாரத்துப் பிள்ளை" என்று சொல்லியிருக்கலாம். எதிரே நின்றவனுக்கு ஊரும் பேரும் இருக்க, அவன் பிறப்பதற்கு முன் நடந்த ஒரு துயரத்தை அவன் பெயராக்கிச் சொன்னோம். சீர்திருத்தம் பேசும் நாவுதான். மேடையிலே சமத்துவம் முழங்கும் நாவுதான்! பழக்கம் எவ்வளவு பொல்லாதது பாருங்கள்.

பந்தயம் முடிந்து சிறிது நேரம் கழித்து அவனே நம்மிடம் வந்தான். சட்டைப்பையில் எழுதுகோல் செருகியவர் அங்கே நாம் ஒருவர்தாம் போலும். கையிலே ஒரு படிவம். அடுத்த கட்டப் போட்டிக்கானது. பெயர் எழுதியிருந்தான். பிறந்த நாள் எழுதியிருந்தான். பிறந்த இடம், திருவண்ணாமலை, அதுவும் எழுதியிருந்தான். அதன் கீழே ஒரு கட்டம்: நாட்டுரிமை. அங்கே எழுதி, அழித்து, மீண்டும் எழுதி, மீண்டும் அழித்து, தாள் மெலிந்து போயிருந்தது.

"ஐயா, இதுக்கு என்ன எழுதட்டும்?"

இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்கு விடை தேடும் முயற்சி. விடை கிடைத்ததா என்பதைத் தோழர்கள் இறுதியில் தீர்ப்பளிக்கட்டும்.

*

அந்தப் பிள்ளையின் குடும்பக் கதையை ஒரு மூச்சிலே சொல்லிவிடலாம். பாட்டனின் பாட்டன் வட ஆர்க்காட்டுப் பக்கத்திலிருந்து பஞ்சம் பிழைக்கக் கப்பலேறியவன். இலங்கை மலையகத்திலே காடு அழித்து, தேயிலைச் செடி நட்டு, அதன் கொழுந்து கிள்ளி வாழ்ந்தன அடுத்த தலைமுறைகள். கலவரத்துக்கு அஞ்சி மலையைவிட்டு வவுனியாப் பக்கம் சென்றது குடும்பம். அங்கே போர் துரத்த, படகேறி இக்கரை வந்தது. பையன் பிறந்தது இங்கே; நடை பயின்றது, எழுத்துப் படித்தது, ஓடக் கற்றது எல்லாம் இங்கே. அந்த நாளில் போனபோது "கூலிக்காரன்" என்றோம். அங்கே அவர்கள் "கள்ளத்தோணி" என்றனர். திரும்பி வந்தபோது "அகதி" என்கிறோம். மூன்று பெயர் கிடைத்தது. நாடு மட்டும் கிடைக்கவில்லை!

இந்தக் குடும்பத்தைப் போன்றதொரு குடும்பத்திலிருந்துதான், உலகமே எழுந்து நின்று பாராட்டிய ஒரு விளையாட்டு வீரர் தோன்றினார். முத்தையா முரளிதரன். 1920 இல் அவருடைய பாட்டனார் தமிழகத்திலிருந்து சென்று தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தார். பின்னாளில் அவர் பெண் மக்களுடன் திருச்சிக்குத் திரும்பிவிட்டார். ஆண் மக்கள் கண்டிச் சீமையிலேயே தங்கினர். அங்கே தங்கியவருள் ஒருவரின் மகனாக 1972 இல் பிறந்தவர் முரளிதரன்.

அவர் பிறப்பதற்கு 24 ஆண்டுகளுக்கு முன், 1948 இல், விடுதலை பெற்ற இலங்கை இயற்றிய முதற் சட்டங்களுள் ஒன்று குடியுரிமைச் சட்டம். மலையகத் தமிழர் பல இலட்சம் பேரை அது ஓரிரவில் நாடற்றவராக்கியது. 1964 இல் சிரிமாவோ பண்டாரநாயக்காவும் லால்பகதூர் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்தனர். கணக்கு 9,75,000 பேர். இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மீதி 1,50,000 பேரைப் பின்னர்ப் பார்த்துக் கொள்ளலாம் என்று விட்டு, 1974 இல் பாதிக்குப் பாதி பங்கிட்டனர். மூட்டை மிளகாயைப் பங்கிடுவதுபோல் மனிதரைப் பங்கிட்டனர்! பங்கிடப்பட்டவரை யாரும் கேட்கவில்லை. எஞ்சியிருந்தோர்க்கு முழுக் குடியுரிமை வழங்கும் சட்டம் வந்தது 2003 இல்தான். 55 ஆண்டுகள் கழிந்த பின்!

இந்தப் பின்னணியோடு பாருங்கள் 1995 ஆம் ஆண்டு டிசம்பர் 26 ஆம் நாளை. மெல்பர்ன் திடல். பல்லாயிரவர் பார்வையாளர். பிறவியிலேயே முழங்கை முழுதும் நிமிராத கையுடன் பந்து வீசுகிறார் அந்த இளைஞர். நடுவர் டாரல் ஹேர், "பந்தை எறிகிறாய்; இது வீச்சன்று" என மூன்று ஓவர்களில் ஏழுமுறை தவறெனக் கை நீட்டுகிறார். அன்றே அந்த ஆட்டக்காரரின் வாழ்வு முடிந்திருக்கும், முடியவில்லை. கையை ஆய்வுக்கூடத்தில் அளந்தனர், படமெடுத்துப் பார்த்தனர். 1999 இல் அடிலெய்டில் மீண்டும் ஒரு நடுவர் குற்றம் சாட்டியபோது, அணித் தலைவர் அர்ச்சுன ரணதுங்கா தம் அணியைத் திடலின் எல்லை வரை அழைத்துச் சென்று நிறுத்தி வழக்காடினார். சிங்களத் தலைவர் ஒருவர், தமிழ்ப் பந்து வீச்சாளர் ஒருவருக்காக உலகத்தின் எதிரே நின்றார். நாட்டிலே போர், இனமும் இனமும் ஒன்றையொன்று அழித்துக் கொண்டிருந்த ஆண்டுகள் அவை. அத்தகைய காலத்தில் அந்தக் காட்சி! அரசியல்வாதிகள் வகுக்காத நாடு ஒன்று, சில நிமிடங்கள், அந்தப் புல்தரையிலே இருந்தது.

2010 ஜூலை 22. காலி நகரத் திடல். இறுதி ஆட்டத்தின் இறுதிப் பந்தில் எண்ணூறாவது விக்கெட். டெஸ்ட் ஆட்டத்தில் அந்த எண்ணிக்கையை இன்றுவரை எவரும் எட்டவில்லை. பாட்டன் கொழுந்து கிள்ளிய நாட்டில் பேரனுக்குப் பட்டாசு வெடித்தனர்.

*

"அப்படியானால் எல்லாம் இனிதே முடிந்ததே! விளையாட்டு, பிளவுகளைப் போக்கிவிட்டதே!" எனலாம் சிலர். பொறுங்கள்.

1958 மே மாதம். டோக்கியோவில் ஆசிய விளையாட்டுப் போட்டி. யாழ்ப்பாணத்து இளைஞர் நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் உயரம் தாண்டுகிறார். 2.03 மீட்டர். தங்கம்! இலங்கை நாட்டுக்கு ஆசியப் போட்டியில் கிடைத்த முதல் தங்கம். வேற்று நாட்டு வானிலே இலங்கைக் கொடியை ஏற்றியவர் ஒரு தமிழர். அதே மே மாதத்தில், அதே நாட்களில், அந்தக் கொடி பறக்கும் தீவிலே என்ன நடந்தது? தமிழர் வீடுகள் எரிந்தன. தமிழர் அடித்துக் கொல்லப்பட்டனர். மே 27 இல் அவசர நிலை அறிவிக்கப்பட்டது. அங்கே கொடியேற்றம், இங்கே குடியழிப்பு! எதிர்வீரசிங்கமோ கப்பலேறி வந்தவரின் பேரனல்லர். வழிவழியாக அந்த மண்ணுக்கே உரியவர். ஆனாலும் கலவரக்காரன் கையிலிருந்த தீவட்டி, யார் எத்தனை தலைமுறை என்று கணக்குக் கேட்கவில்லை. 1962 இல் ஜகார்த்தாவில் அவர் அதே கொடிக்காக மீண்டும் தாண்டினார், வெள்ளி வென்றார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். யாருடைய நாட்டுப்பற்று பெரிது? தாண்டியவருடையதா, கொளுத்தியவருடையதா?

விளையாட்டு வீரனின் வெற்றி, அவன் இனத்துக்குக் காப்பாகாது. அது அவன் ஒருவனுக்கு மட்டும் கிடைக்கும் குடை. அதுவும் வெயில் நாளில் விரிக்கப்பட்டு, மழை நாளில் பிடுங்கப்படும் குடை.

இதை ஜெர்மனியில் பார்த்தோம். துருக்கியத் தொழிலாளரை அழைக்க ஜெர்மனி ஒப்பந்தம் செய்தது 1961 இல். "விருந்தினத் தொழிலாளர்" என்று பெயரிட்டது. நல்ல விருந்து! சுரங்கத்திலும் ஆலையிலும் உழைக்க அழைக்கப்பட்ட விருந்தினர்! அத்தகைய குடும்பம் ஒன்றின் மூன்றாம் தலைமுறை, மெசுட் ஒசில். 1988 இல் கெல்சன்கிர்ச்சன் என்னும் நிலக்கரி நகரிலே பிறந்தவர். 2014 இல் ஜெர்மனி உலகக் கோப்பை வென்ற அணியில் ஆடினார். அப்போது அவர் செல்லப்பிள்ளை. 2018 இல் துருக்கி அதிபருடன் நின்று படமெடுத்துக் கொண்டார். அடுத்த மாதம் ஜெர்மனி முதற் சுற்றிலேயே தோற்றது. பாய்ந்தது பழி! படமெடுத்துக் கொண்டதைக் குறை கூறுவோர் கூறட்டும். அது அரசியல் விவாதம். ஆனால் ஏசியவர்கள் அந்தச் செயலோடு நிற்கவில்லை. அவருடைய குருதியை ஏசினர். வென்றால் ஜெர்மானியன், தோற்றால் வந்தேறி, இதுதானே என் நிலை என்னும் பொருள்படச் சொல்லி, 2018 ஜூலை 22 இல் நாட்டு அணியைவிட்டு விலகினார். ஆம், அதே ஜூலை 22! எட்டாண்டுகளுக்கு முன் ஒரு குடியேறியவரின் பேரனைத் தோளில் தூக்கி ஒரு நாடு கொண்டாடிய அதே நாளில், இன்னொரு குடியேறியவரின் பேரன் இன்னொரு நாட்டின் சட்டையைக் கழற்றி வைத்தார்.

இங்கிலாந்தில் 1990 இல் நார்மன் டெபிட் என்னும் அரசியல் தலைவர் ஒரு தேர்வு முறையையே கண்டுபிடித்தார். குடியேறி வந்தவர்கள் கிரிக்கெட்டில் எந்த அணிக்குக் கைதட்டுகிறார்கள் என்று பார். அவர்களுடைய விசுவாசம் எங்கே என்று தெரியும் என்றார். அந்தத் தேர்வின் வேடிக்கை என்ன தெரியுமா? ஒன்பதாண்டுகள் கழித்து, 1999 இல், இங்கிலாந்து அணிக்கே தலைவராக வந்தவர் நம் சென்னையிலே பிறந்த நாசர் உசேன்! தந்தையார் சென்னை மாநில அணிக்கு ஆடியவர். இங்கிலாந்திலே பிறந்து வளர்ந்த ஆசியக் குடும்பத்துப் பிள்ளைகள் ஏன் இங்கிலாந்தை ஆதரிப்பதில்லை என்று 2001 இல் அந்த நாசர் உசேனே வியந்து கேட்டார். கேள்வி தவறன்று. ஆனால் அதற்கு முன்னே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுண்டு: அந்தப் பிள்ளைகளை இங்கிலாந்து ஆதரித்ததா? 2021 ஜூலையில், ஐரோப்பியக் கால்பந்து இறுதியாட்டத்தில் மூன்று கறுப்பின இளைஞர்கள், ராஷ்ஃபோர்டு, சாஞ்சோ, சாக்கா ஆகியோர், தண்டனை உதையில் கோல் போடத் தவறினர். இரவு விடிவதற்குள் இனவெறி ஏச்சு மழையாகக் கொட்டிற்று. மான்செஸ்டரில் ராஷ்ஃபோர்டின் சுவரோவியத்தைக் கறைப்படுத்தினர். மறுநாளே அவ்வூர் மக்கள் அந்தக் கறையை அன்பு மொழி எழுதிய தாள்களால் மூடினர் என்பதையும் மறைக்காமல் சொல்கிறோம். நாடு என்பது கறை பூசியவனுடையதும் ஆம், தாள் ஒட்டியவனுடையதும் ஆம். இருவரில் யார் பக்கம் நிற்கிறோம் என்பதுதான் வினா.

*

வெள்ளைக்காரன் செய்ததைப் பட்டியலிட்டுவிட்டு நாம் வேட்டியை உதறிக்கொண்டு எழுந்துவிடலாமா? முடியாது, தோழர்களே.

அதே 2021. அந்த ஏச்சு நடந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. டோக்கியோ ஒலிம்பிக்கில் நம் பெண்கள் வளைகோல் பந்தாட்ட அணி அரையிறுதியில் அர்ஜென்டினாவிடம் தோற்றது. அணியிலே வந்தனா கட்டாரியா. அதற்குச் சில நாள் முன்புதான், ஒலிம்பிக்கில் ஒரே ஆட்டத்தில் மூன்று கோல் அடித்த முதல் இந்தியப் பெண் என்னும் பெருமையைப் பெற்றவர். தோற்ற அன்று, அரித்துவாருக்கு அருகிலுள்ள அவருடைய வீட்டின் முன் சிலர் வெடி வெடித்தனர், ஆடினர், சாதியின் பெயர் சொல்லி ஏசினர், தாழ்த்தப்பட்டோர் அணியில் மிகுந்ததால்தான் தோல்வி என்றனர். வந்தனா எந்தக் கப்பலில் வந்தேறியவர்? அவர் குடும்பம் எந்த நாட்டிலிருந்து குடிபெயர்ந்தது? சொந்த மண்ணிலே பிறந்தவரையே வந்தேறியாக்கும் வித்தை ஒன்று நம்மிடம் உண்டு. வெள்ளையனுக்கு அதைச் செய்ய நிறம் வேண்டும், கடல் வேண்டும், எல்லைக்கோடு வேண்டும். நமக்கு எதுவும் வேண்டாம். சாதி ஒன்று போதும்!

இது இன்று நேற்றைய கதையுமன்று. பல்வாங்கர் பாலு என்னும் பந்து வீச்சாளர், 1911 இல் இங்கிலாந்து சென்ற இந்திய அணிக்காக 114 விக்கெட் வீழ்த்தினார். தீண்டத்தகாதவர் எனப்பட்ட குலத்தில் பிறந்தவர். அவர் வீசிய பந்தை எல்லாரும் தொட்டனர். அவருக்குத் தேநீர் மட்டும் வெளியே, மண் குவளையில். அணித் தலைமை? அது அவருக்குக் கிடைக்கவே இல்லை. கையிலிருந்து புறப்படும் பந்து தூய்மை, கை தீட்டு! இந்தக் கணக்கை எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தார்களோ!

தமிழர் மட்டும் தனிச் சிறப்பா? அதையும் பார்த்துவிடுவோம். 2020 இல் முரளிதரனின் வாழ்க்கையைத் திரைப்படமாக எடுக்க முனைந்தனர். விஜய் சேதுபதி நடிப்பதாக அறிவிப்பு வந்தது. எதிர்ப்பு எழுந்தது, அவர் விலகினார், 2023 இல் வேறொருவர் நடிக்கப் படம் வெளிவந்தது. ஈழப் போர் குறித்து முரளிதரன் கூறிய கருத்துகள் நம்மில் பலருக்கு ஏற்புடையனவல்ல, நமக்கும்தான். ஒரு பேரழிவின் காயம் ஆறாத மக்கள், அந்தச் சொற்களால் நோவுற்றனர், எதிர்த்தனர், அது அவர்களின் உரிமை. ஆனால் எதிர்ப்பின் இடையிடையே கேட்டோமே வேறொரு குரல்: "அவன் தமிழனே அல்லன்" என்று, அதுதான் நம்மை உறுத்துகிறது. மறுக்க வேண்டியது கருத்தை. பிறப்பைப் பறிக்கும் அதிகாரத்தை நமக்கு யார் தந்தார்? நாடற்றவராக்கப்பட்ட ஒரு கூட்டத்தின் பிள்ளையை, கோபத்தின் பெயரால், இனமற்றவனாகவும் ஆக்குவதா? ஒசிலின் குருதியை ஏசிய ஜெர்மானியனுக்கும் நமக்கும் அப்போது என்ன வேறுபாடு?

*

வட ஆர்க்காட்டு மண் இந்தச் செய்தியில் வெறும் பார்வையாளன் அன்று. 1989 இல் தனி மாவட்டமாகும் வரை நம் ஊரும் வட ஆர்க்காட்டுக்கு உட்பட்டதுதான். 1860 நவம்பரில் சென்னையிலிருந்து சென்ற துரூரோ என்னும் கப்பல், தென்னாப்பிரிக்க நேட்டாலின் கரும்புத் தோட்டத்துக்கு முதல் ஒப்பந்தத் தொழிலாளரைக் கொண்டு போய் இறக்கிற்று. பிஜித் தீவுக்கு 1903 முதல் தென்னாட்டார் சென்றனர். இவ்விரு இடங்களுக்கும் போனவர்களில் வட ஆர்க்காட்டார் பெருந்தொகையினர். நம் ஊர்க் கிழவிகள் ஒப்பாரியில் "கடல் தாண்டிப் போனவனே" என்று அழுதால் அது கற்பனையன்று, கணக்கு.

போனவர்களின் பிள்ளைகள் என்னவாயினர்? மேற்கிந்தியத் தீவு அணியின் ஆட்டக்காரர் பெயர்களைப் படித்தால், கயானா நாட்டிலிருந்து நாகமுத்து என்றொருவர், வீராசாமி பெருமாள் என்றொருவர்! தமிழ் பேச்சிலே போயிற்று, பெயரிலே நின்றது. 2019 இல் விசாகப்பட்டினத்தில் தென்னாப்பிரிக்காவுக்காக முதன்முறை ஆடிய செனுரன் முத்துசாமி, 2025 நவம்பரில் குவாகாத்தியில் இந்தியாவுக்கு எதிராக நூறு கடந்தார். அன்று அவர் யாருக்குத் துரோகம் செய்தார்? யாருக்குமில்லை. அவருடைய நாட்டுக்காக ஆடினார். அவருடைய பெயரோடு ஆடினார்.

பிஜியின் கால்பந்து வீரர் ராய் கிருஷ்ணா, இந்தியத் தொழிலாளர் வழிவந்தவர். 2016 ரியோ ஒலிம்பிக்கில் பிஜி அடித்த ஒரே கோல் அவருடையது. 2019 இல் அவர் கொல்கத்தா அணியில் ஆட வந்தார். விதிப்படி அவர் "வெளிநாட்டு வீரர்"! மூதாதையர் கைநாட்டு வைத்துப் போன நாட்டுக்குப் பேரன் கடவுச்சீட்டு வைத்துத் திரும்பி வந்தான், வெளிநாட்டானாக. விதியைக் குறை கூறவில்லை நாம், வேடிக்கையைச் சொல்கிறோம்.

பெண்ணொருத்தி மணமாகிப் போகிறாள். பிறந்தகத்தை மறந்தால்தான் புகுந்தகத்தில் சோறு என்று ஒரு மாமியார் சொன்னால், அதைக் கொடுமை என்கிறோம். பிறந்தகத்துச் சமையலைப் புகுந்தகத்து அடுப்பிலே அவள் ஆக்கினால், வீட்டுக்கு ஒரு சுவை கூடிற்று என்கிறோம். நாட்டுக்கு மட்டும் ஏன் வேறு நீதி? ஆஸ்திரேலியப் பழங்குடிப் பெண் கேத்தி ஃபிரீமன், 1994 இல் வென்றபோது தம் இனத்தின் கொடியைப் பிடித்தார்; தலைமையிலிருந்தோர் கடிந்து கொண்டனர். 2000 இல் சிட்னி ஒலிம்பிக்கில் அவரே விளக்கேற்றினார். நானூறு மீட்டரில் தங்கம் வென்று, இரண்டு கொடிகளையும் ஏந்தித் திடலைச் சுற்றி வந்தார். ஆஸ்திரேலியா உடைந்து விட்டதா? ஒரு கையில் ஒரு கொடி, மறு கையில் மறு கொடி. ஓடிய கால்களோ ஒருத்தியுடையவை. மரபு வேறு, குடிமை வேறு. ஒன்றை ஒன்று தின்றால்தான் வாழும் என்பது வேங்கையும் மானும் பற்றிய பாடம், மனிதரைப் பற்றியதன்று.

*

இனி அந்தக் கட்டத்துக்கு வருவோம்.

"இந்தியன் என்று எழுது" எனச் சொல்ல நா துடித்தது. சொல்லியிருந்தால் அது உணர்ச்சி, உண்மையன்று. சட்டம் வேறு சொல்கிறது. 1987 ஜூலைக்கு முன் இங்கே பிறந்திருந்தால், பிறப்பொன்றே போதும். அதனால்தான், 1986 இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்மணி, உயர்நீதிமன்றத்தின் ஆணை பெற்று, 2024 நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களித்தார். அதற்குப் பின் பிறந்தோர்க்குப் பெற்றோரில் ஒருவரேனும் குடிமகனாக இருத்தல் வேண்டும். 2004 டிசம்பருக்குப் பின் பிறந்தோர்க்கு நிபந்தனை இன்னும் கடுமை. 2019 இல் குடியுரிமைச் சட்டம் திருத்தப்பட்டது. பாகிஸ்தான், வங்காளதேசம், ஆப்கானிஸ்தானிலிருந்து வந்தோர்க்கு, அதுவும் சில மதத்தார்க்கு, வழி திறந்தது. இலங்கைத் தமிழருக்குத் திறக்கவில்லை. இந்திய அணிக்கு ஆட இந்தியக் கடவுச்சீட்டு வேண்டும் என்பது 2008 முதல் உள்ள விதி. ஜப்பானில் பிறந்த இசுமி அரதா, தந்தை வழி இந்தியர், அந்நாட்டுக் குடியுரிமையைத் துறந்து வந்து நம் கால்பந்து அணிக்கு ஆடினார். துறப்பதற்கு அவருக்கு ஒரு நாடு இருந்தது. இந்தப் பிள்ளை எதைத் துறப்பான்?

2021 இல் தமிழக அரசு "அகதிகள் முகாம்" என்னும் பெயரை "மறுவாழ்வு முகாம்" என மாற்றிற்று. நல்லது. நூற்றுக்கு மேற்பட்ட அம்முகாம்களில் ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்டோர். பெயர் மாறிய பின்னும் பழைய பெயரைச் சொன்னது யார்? நாம்தாம், அன்று அந்தத் திடலில்!

உலகம் வேறொரு வழியும் கண்டிருக்கிறது. நாடற்றோர்க்கென ஓர் அணியை ஒலிம்பிக் மன்றம் 2016 இல் அமைத்தது. முதலில் பத்துப் பேர். 2024 பாரிசில் முப்பத்தேழு பேர். அங்கே சிண்டி இங்காம்பா என்னும் பெண், குத்துச் சண்டையில் வெண்கலம் வென்றார்; அந்த அணியின் முதல் பதக்கம். மகிழ்கிறோம். ஆனால் அது வழியில் கட்டிய சத்திரம், வீடன்று.

பையனிடம் உள்ளதைச் சொன்னோம். ஒளிக்கவில்லை. கேட்டுக் கொண்டான். பிறகு, "அப்போ காலியா விட்டுடட்டுமா ஐயா?" என்றான். விட்டோம். படிவம் போயிற்று. சில வாரத்தில் திரும்பி வந்தது, "முழுமையற்றது" என்ற முத்திரையோடு.

முழுமையற்றது! சரியாகத்தான் சொன்னார்கள், ஆனால் எதை?

அவன் ஓட்டத்தை நிறுத்தவில்லை. விடியலில் திடல் பக்கம் போனால் இன்றும் காணலாம். அண்மையில் ஒரு நாள் அந்தப் பெரியவரும் நாமும் அவ்வழியே நடந்தோம். அவன் வளைவைக் கடந்து வந்து கொண்டிருந்தான். பெரியவர் நின்றார், கேட்டார், அதே கேள்வியை: "யார் வீட்டுப் பிள்ளை?"

இம்முறை அவன் பெயரைச் சொன்னோம். "நம் ஊர்ப் பிள்ளை" என்றோம்.

பெரியவர் கைதட்டினார்.

அது சிறிய செயல்தான். கட்டம் இன்னும் வெறுமையாகத்தான் கிடக்கிறது. அதை நிரப்ப வேண்டிய எழுதுகோல் அந்தப் பிள்ளையின் கையிலும் இல்லை, நம் சட்டைப்பையிலும் இல்லை; நாடாளுமன்றத்தின் மேசைமேல் இருக்கிறது. அதை எடுக்கச் சொல்லும் குரல் நம்முடையது. ஆனால் அந்தக் குரல் எழும்பும் முன், நம் நாவிலிருந்து ஒரு சொல் உதிர வேண்டும். ஒரு சொல் அங்கே குடியேற வேண்டும்.

அவன் ஓடுகிறான். எந்த நாட்டான் என்று கேட்கிறது படிவம். எங்கள் பிள்ளை என்று சொல்லத் துணியும் நாடு எது என்று கேட்கின்றன அவன் கால்கள்.